இன்றைய திகதியில் ஒரு காரணம்

ஓய்வு பெறும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஆனால் ஆரா நகரில் ஒரு பிராந்திய வங்கியின் கடன் ஆவணப் பிரிவில் இருந்த என் நாற்காலியை விட்டு எழுந்து, வங்கிகளுக்கு மென்பொருள் செய்யும் இடத்துக்குப் போய்விட்டேன். அந்த நாற்காலியில், புதிதாக வேலைக்கு வரும் உங்கள் மூவரில் ஒருத்தி உட்காரப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். மற்ற இருவரும் வேறு வங்கிகளில் அதே வேலைக்குச் சேர்கிறீர்கள். மூவருக்குமாக இதை எழுதுகிறேன்.

எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த ஆவணம் எங்கே போகும் என்பதை முதல் வாரத்திலேயே காட்டிவிடுவார்கள். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. யாரும் காட்டித் தராத ஒரு நிலைமை இருக்கிறது. கோப்பில் ஓர் ஓட்டை தெரிகிறது. அதை அடைக்கக்கூடிய உண்மையும் கையில் இருக்கிறது. கூடவே அவசரமும் இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

வீட்டுக் கடன் ஆவணங்களைப் பற்றிய விதிகள் பக்கம் பக்கமாக வரும். அவை சொல்வதை நான் மூன்று கேள்விகளாகச் சுருக்கி வைத்திருந்தேன். யார் முடிவெடுத்தார்? என்ன காரணத்துக்காக? அந்தக் காரணம் எப்போது எழுதப்பட்டது? வாடிக்கையாளரையும் தெரியாத, எங்களையும் தெரியாத, தொழில் மட்டும் தெரிந்த ஒருவர் கோப்பைத் திறந்தால் இந்த மூன்றுக்கும் பதில் அங்கேயே இருக்க வேண்டும். அரசின் கண்காணிப்பு ஆணையம் எதிர்பார்ப்பது அடிப்படையில் இவ்வளவுதான். கடன் உறவு முடிந்த பிறகும் பத்து வருடங்கள் கோப்பு இருக்க வேண்டும். இந்த நாட்டில் வீட்டுக் கடனை அவசரப்பட்டு முழுதாக அடைப்பவர்கள் குறைவு. சில வருடத் தவணைக்குக் கடனை எடுத்து, அது முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டே போவார்கள். ஆகவே நீங்கள் இன்று திறக்கும் கோப்பு உங்கள் உத்தியோகத்தைவிட நீண்ட நாள் வாழக்கூடும். இன்று எழுதுவதை, நீங்கள் இல்லாத ஒரு நாளில் யாரோ வாசிக்கப் போகிறார்கள்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் வங்கியில் குகன் அண்ணை கடன் ஆலோசகர். சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் எங்களிடம் வீட்டுக் கடன் எடுத்ததற்கு அவர்தான் காரணம். சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போவார். நிலையான வட்டி என்றால் என்ன, மாறும் வட்டி என்றால் என்ன, வீட்டின் அடமானப் பத்திரம் ஏன் வங்கியிடம் இருக்கிறது என்றெல்லாம் தேநீரோடும் உழுந்து வடையோடும் பொறுமையாக விளங்கப்படுத்துவார். அந்தக் கதை முழுவதும் தமிழில் நடக்கும். திங்கட்கிழமை படிவத்தை ஜெர்மனில் நிரப்புவார். சனிக்கிழமை கதைத்ததற்கும் திங்கட்கிழமை நிரப்பியதற்கும் நடுவில் பல விஷயங்கள் விழுந்து போயின. அவை எல்லாம் அவருடைய தலைக்குள் பத்திரமாக இருந்ததால் விழுந்ததாகவே அவர் நினைக்கவில்லை.

ஒரு கோடையில் கணக்காய்வாளர்கள் வந்தார்கள். விதிவிலக்காகக் கொடுத்த கடன்களில் சில கோப்புகளை எந்த ஒழுங்குமில்லாமல் எழுந்தமானமாகத் தெரிவுசெய்து, வியாழக்கிழமை நண்பகலுக்குள் தரச் சொன்னார்கள். விதிவிலக்கு என்றால் என்ன என்று புதியவர்கள் கேட்பீர்கள். இன்றைய வட்டி எவ்வளவு குறைவாக இருந்தாலும், நாளை ஏறினால் தாங்குவார்களா என்று ஓர் உயர்ந்த வட்டியை வைத்துக் கணக்குப் பார்ப்போம். அந்தக் கணக்கில் வீட்டுக்கான செலவு வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினாலும் கொடுக்கலாம். ஆனால் ஏன் கொடுக்கிறோம் என்று எழுதியாக வேண்டும்.

தெரிவான கோப்புகளில் ஒன்று இராசன் அங்கிள், சாந்தி அன்ரி இருவருடையது. அவர் முதியோர் இல்லமொன்றில் சமையற்காரர். அன்ரி அதே இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறார். காரணம் எழுத வேண்டிய இடத்தில் குகன் அண்ணை இரண்டே சொற்கள் எழுதியிருந்தார்: வாடிக்கையாளர் தெரிந்தவர். அதற்குக் கீழே அனுமதி கொடுத்த அதிகாரியின் கையெழுத்து இருந்தது. அந்த அதிகாரி ஓய்வு பெற்றுப் போய்விட்டார்.

இது வெறும் கணக்காய்வுத் தலையிடியாக இருந்திருந்தால் நான் இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். அதே மாத முடிவில் அவர்களுடைய நிலையான வட்டித் தவணை முடிகிறது. புதுப்பிக்கும் விண்ணப்பம் எங்கள் மேசையில் காத்திருந்தது. எங்கள் பிரிவுத் தலைவி ஃப்ரிபூர்க் ஊர்க்காரி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். காரணம் இல்லாத விதிவிலக்கைத் தன்னால் புதுப்பிக்க முடியாது என்றார். காரணம் இல்லையென்றால் கடனில் பெரிய பகுதியை அவர்கள் உடனே திருப்பிக் கட்ட வேண்டி வரும். அவர்களிடம் அது இல்லை என்பது கோப்பிலேயே தெரிந்தது. அதாவது வீட்டை விற்க வேண்டி வரும்.

நான் குகன் அண்ணையின் அறைக்குப் போனேன். திரையைப் பார்த்ததும் அவருக்கு உடனே நினைவு வந்தது.

"சாந்தியக்கான்ரை தம்பி ரமணன் மேல்மாடியிலை இருக்கிறான். மாதாமாதம் அவன் குடுக்கிற காசோடைதான் கணக்குச் சரிவரும். அதை வைச்சுத்தான் குடுத்தது."

"அப்ப ஏன் அதை வருமானமாய்க் காட்டேல்லை?"

"வாடகை ஒப்பந்தம் வேணும் எண்டாங்கள். கூடப்பிறந்த தம்பியிட்டை வாடகைக்குக் கையெழுத்து வாங்குங்கோ எண்டு நான் அந்த மனுசியிட்டைச் சொல்லுறதோ? தேத்தண்ணிக் கோப்பையோடை வெளியிலை விட்டிருப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் அம்மாவும் அப்படித்தான் செய்திருப்பார். எங்கள் வீடுகளில் தம்பி காசு கொடுப்பான், அக்கா வாங்குவாள், அதற்கு வாடகை என்ற பெயர் மட்டும் வரக் கூடாது. பெயர் வந்துவிட்டால் உறவு குறைந்துவிட்டதாக அர்த்தம். வங்கிக்கோ பெயர் இல்லாத காசு காசே இல்லை. குகன் அண்ணை இரண்டையும் காப்பாற்ற நினைத்திருக்கிறார். அதனால்தான் அந்த இரண்டு சொற்கள்.

பிறகு அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இப்ப எழுதித் தாறன். அண்டைக்கு எனக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதுறன், ஒரு சொல்லும் கூட்ட மாட்டன். நீ அந்த நாள் திகதியைப் போட்டு உள்ளை ஏத்திவிடு."

என்னால் அது முடியும். பழைய காகிதங்களை ஸ்கான் செய்து சேர்ப்பதற்காக, ஆவணத் திகதியை நாங்களே தட்டச்சு செய்ய எங்கள் பிரிவில் சிலருக்கு அனுமதி இருந்தது. அவர்களில் நானும் ஒருத்தி. உள்ளே ஏற்றிய நேரத்தைக் கணினி தனியாக வைத்திருக்கும்தான், ஆனால் அதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. ஆகவே பிடிபடுவோமா என்ற கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மற்றவற்றை மனதுக்குள் வரிசைப்படுத்தினேன். எழுதப் போவது உண்மை. யாருக்கும் நட்டமில்லை. ஒரு குடும்பத்துக்கு வீடு மிஞ்சும். எதிர்ப்பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது: அந்தக் குறிப்பை வாசிப்பவர், அனுமதி கொடுத்த அதிகாரி அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார் என்று நம்புவார். அவர் அதைப் படிக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு குறிப்பே அன்றைக்கு இருக்கவில்லை.

ஒன்றுதான் என்றாலும், அது மற்றவற்றோடு கூட்டிக் கழித்துச் சமன் செய்யக்கூடியதாக எனக்குத் தெரியவில்லை. மாட்டேன் என்றேன்.

"நான் பொய் எழுதேல்லை. நடந்ததைத்தான் எழுதுறன்."

"நடந்தது உண்மை, அண்ணை. ஆனா எழுதுறது இண்டைக்கு."

அவருடைய முகம் மாறியது. "உனக்கு சிஸ்டம் பெரிசு. எனக்குச் சனம் பெரிசு," என்றார்.

இதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் அது சண்டையில்தான் முடியும். உங்களுக்கும் இப்படி யாராவது சொல்வார்கள். அப்போது உங்களைப் பற்றி எதையும் நிரூபிக்கப் போகாமல், கோப்பைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்டேன்: "ரமணன் இப்பவும் அங்கைதான் இருக்கிறாரோ?"

"இருப்பான். வேறை எங்கை போறது?"

"நீங்கள் கடைசியாய் எப்ப கேட்டனீங்கள்?"

அவர் திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து கார்த் திறப்பை எடுத்தார்.

தலைவியிடம் நடந்ததைச் சொன்னேன், பழைய திகதி பற்றிய கதை உட்பட. அதை மறைத்திருந்தால் நானும் இன்னொரு ஓட்டையைத்தான் உண்டாக்கியிருப்பேன். குகன் அண்ணையிடம் முதலில் சொல்லிவிட்டே போனேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் முதுகுக்குப் பின்னால் எதுவும் நடக்கவில்லை. கோப்பு வியாழக்கிழமை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே கொடுப்போம் என்று தலைவி சொன்னார். அதுவரை எங்களுக்கு நேரம் இருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை பின்னேரம் குகன் அண்ணையும் நானும் போனோம். ஆராவிலிருந்து சிறிது தூரத்தில் ஒரு கிராமம். வெளிப்பக்கமாகப் படி வைத்த மேல்மாடியோடு சின்ன வீடு. முன்னால் தக்காளிக்கும் கறிமிளகாய்க்கும் கம்பு நட்டிருந்தார்கள். குகன் அண்ணை வழக்கமாகச் செய்வதுபோல ஊர்ப் புதினம் விசாரித்துத் தொடங்கப் பார்த்தார். சாந்தி அன்ரி விடவில்லை.

"நீங்கள் செவ்வாய்க்கிழமை வந்தா ஏதோ பிரச்சினை. முதல்லை அதைச் சொல்லுங்கோ."

சொன்னோம். வீடு பற்றிய பகுதியைச் சொன்னபோது இராசன் அங்கிள் தொலைக்காட்சியை நிறுத்தினார். வாடகை ஒப்பந்தம் என்ற சொல்லை நான்தான் சொன்னேன். குகன் அண்ணை யன்னலுக்கு வெளியே தக்காளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ரை தம்பியிட்டை வாடகை வாங்கிறன் எண்டு பேப்பரிலை போடவோ, பிள்ளை?" அன்ரி கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அப்படி ஒரு பேப்பர் உலகத்தில் இருக்கிறதா என்று அறிய விரும்பியவர்போலக் கேட்டார்.

அந்த நேரம் ரமணன் வேலை முடிந்து வந்தார். மின்தூக்கிகள் திருத்துகிற வேலை, கையில் இன்னும் எண்ணெய்க் கறை. விஷயத்தைக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போடத் தனக்கு ஒரு வெட்கமும் இல்லை என்றார். அன்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒப்பந்தத்தில் போட வேண்டிய விபரங்களை நான் கேட்கத் தொடங்கினேன். எவ்வளவு காலத்துக்கு என்ற இடத்தில் அவர் நின்றுவிட்டார். கை கழுவப் போனார். திரும்பி வந்து நின்றபடியே சொன்னார்.

"அக்கா, நானே சொல்லோணும் எண்டுதான் இருந்தனான். ஃப்ரிபூர்க்கிலை வீடு எடுத்திட்டன். இலையுதிர் காலத்திலை போறன். கலியாணம் செய்யப் போறம்."

நான் அன்ரியைப் பார்க்காமல் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டது வீட்டைப் பற்றி இல்லை.

"பிள்ளைக்கு என்ன பேர்?"

ரமணன் பேரைச் சொன்னார். அங்கேயே பிறந்த பெண், தாதியாக வேலை செய்கிறாள் என்றார். அன்ரி தலையாட்டினார். அதற்குப் பிறகுதான், "அப்ப வீடு?" என்றார்.

"நான் போனாலும் காசு அனுப்புவன், அக்கா." ரமணன் எங்கள் பக்கம் திரும்பினார். "இஞ்சைதான் இருக்கிறன் எண்டே எழுதுங்கோ. ஆர் வந்து பாக்கப் போகினம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் குகன் அண்ணை பேசினார்.

"இல்லைத் தம்பி. நீ போறாய் எண்டா போறாய் எண்டுதான் எழுதோணும். நான் எழுதாமல் விட்டபடியால்தான் இண்டைக்கு இந்த மனுசர் ரெண்டு பேரும் இப்பிடி இருக்கினம்."

நான் பழைய திகதி போட்ட குறிப்பை நினைத்துக்கொண்டேன். அதை உள்ளே ஏற்றியிருந்தால் கடனை நீண்ட தவணைக்குப் புதுப்பித்திருப்பார்கள். சில மாதங்களில் ரமணன் போயிருப்பார். வட்டி ஏறும் ஒரு நாளில், யாருக்கும் தெரியாமல் அந்த வீடு கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கும். கோப்பு மட்டும் எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும். அன்றைக்கு உண்மையாக இருந்தது இன்றைக்கும் உண்மை என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால்தான் காரணத்துக்குப் பக்கத்தில் திகதி கேட்கிறார்கள்.

மேல்மாடிக்குத் தனி வாசல் இருப்பதைப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். சமையலறையும் குளியலறையும் மேலே தனியாக இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். வெளியார் ஒருவருக்கு ஒப்பந்தத்தோடு வாடகைக்குக் கொடுத்தால், அதில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டு மிச்சத்தை வங்கி வருமானமாகவே எடுக்கும், பிறகு விதிவிலக்கே தேவைப்படாமல் போகலாம் என்றேன். வங்கி ஏற்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. எது என் கையில் இல்லை என்பதையும் சொன்னேன்.

"ஆரோ ஒரு ஆளை எங்கடை வீட்டுக்குள்ளை விடுறதோ?" என்றார் இராசன் அங்கிள்.

"உள்ளை இல்லை. மேலை," என்றார் அன்ரி.

"மேலையும் எங்கடை வீடுதான்."

"கீழை எங்கடை வீடாய் இருக்கோணும் எண்டா மேலை ஆரும் இருக்கட்டும்."

அங்கிள் மறுபடி தொலைக்காட்சியைப் போட்டார். அந்த வீட்டில் அதுதான் சம்மதம் என்று வெளியே வரும்போது குகன் அண்ணை சொன்னார்.

புதன்கிழமை காலை அவர் குறிப்பை எழுதினார், நான் பக்கத்தில் இருந்தேன். அன்றைய திகதி போட்டோம். கடன் கொடுத்த நாளில் தனக்குத் தெரிந்திருந்தது என்ன, நேற்றுப் போய்க் கேட்டபோது தெரிந்தது என்ன, இனிக் குடும்பம் செய்யப் போவது என்ன என்று சிறிய மூன்று பந்திகள். கடைசியில் ஒரு வசனம் சேர்க்கச் சொன்னேன்: அனுமதி வழங்கியபோது இந்தக் காரணம் எழுதப்படவில்லை, அனுமதி வழங்கியவர் இதை அறிந்திருந்தாரா என்பதற்கு எங்களிடம் சான்று இல்லை.

"இந்த வசனம் என்னைக் கொல்லும்," என்றார் குகன் அண்ணை.

"கொல்லாது, அண்ணை. காயம் வரும்."

கையெழுத்துப் போட்டார்.

காயம் வந்தது. கணக்காய்வாளர்கள் அந்த வசனத்துக்குக் கீழே கோடு போட்டு, வங்கியின் பேரில் ஒரு குறைபாடாகப் பதிந்தார்கள். குகன் அண்ணையின் மற்றக் கோப்புகளையும் திறக்கச் சொன்னார்கள். அவற்றிலும் தெரிந்தவர்கள் நிறையவே இருந்தார்கள். அவர் மறுபடி வீடு வீடாகப் போய், கேட்டு, இந்த முறை எழுதிக்கொண்டு வந்தார். எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தது. ஒரு மாதம் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள், வாடிக்கையாளர் வீட்டிலிருந்தே தொலைபேசி எடுத்து, இந்த விஷயத்தை ஜெர்மனில் எப்படி எழுதுவது என்று கேட்டார். அதோடு எங்களுக்கிடையில் எல்லாம் சரியாகிவிட்டது.

இராசன் அங்கிளின் கடனை, மேல்மாடிக்கு ஆள் வரும்வரை சில மாதங்களுக்குக் குறுகிய தவணையில் நீட்டத் தலைவி சம்மதித்தார். எங்களிடம் நடப்பு நிலவரம் எழுத்தில் இருந்ததால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது என்று பின்னர் சொன்னார். இருட்டில் யாருக்கும் அவகாசம் கொடுக்க முடியாது, எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்தால் கொடுக்கலாம்.

பழைய திகதி கேட்டு வருகிறவர்களைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர்களைக் கள்ளர்களாக நினைத்துவிடாதீர்கள். கள்ளர்கள் உங்களிடம் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் யாரையோ காப்பாற்ற ஓடுகிறவர்கள், உங்களுக்குப் பிடித்தமானவர்கள், உங்களை அன்பாகக் கூப்பிடுகிறவர்கள். அதனால்தான் மாட்டேன் என்று சொல்வது கஷ்டம். சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள். அவர்களோடு காரில் ஏறுங்கள். மறுத்துவிட்டு மேசைக்குத் திரும்பியிருந்தால் நான் விதியைக் காப்பாற்றியிருப்பேன், அந்த வீடு போயிருக்கும்.

ரமணன் போன பிறகு, போர்த்துக்கல்லைச் சேர்ந்த ஒரு பெண் மேல்மாடிக்கு வந்தாள். பக்கத்து ஊர் பேக்கரியில் வேலை. ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தானது. புதிதாகக் கணக்குப் பார்த்தோம், எல்லைக்குள் வந்தது. விதிவிலக்கு என்ற குறியை நானே எடுத்துவிட்டேன். கடன் நீண்ட தவணைக்குப் புதுப்பிக்கப்பட்டது.

அந்தக் குளிர்காலத்தில் சாந்தி அன்ரி எனக்குத் தொலைபேசி எடுத்தார். பனியில் வழுக்கி விழுந்து மேல்மாடிப் பெண்ணுக்குக் கால் முறிந்துவிட்டதாம். தான்தான் மூன்று நேரமும் சோறு கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இன்சூரன்ஸ் காசு இன்னும் வரேல்லையாம், பிள்ளை. இந்த மாதம் அவவிட்டை வாடகை வாங்காமல் விட்டா, வங்கிக்காரர் எங்கடை வீட்டைப் பறிச்சுப் போடுவினமோ?"

"இல்லை, அன்ரி. உங்கடை வீடு, உங்கடை விருப்பம். ஏன் வாங்கேல்லை எண்டு ஒரு வரி எழுதி, இண்டைக்குத் திகதி போட்டு எனக்கு அனுப்பிவிடுங்கோ."

"தமிழிலை எழுதலாமோ?"

"எழுதுங்கோ. ஜெர்மனை நான் கீழை போடுறன்."

இரண்டு நாளில் தபாலில் வந்தது. சதுரக் கோடு போட்ட தாளில், நீல மையில், அன்றைய திகதியோடு: பிள்ளைக்குக் கால் சுகமில்லை, அதனால் இந்த மாதம் வாங்கவில்லை, வாங்கவும் மனம் வரவில்லை. சாந்தி.

கடைசி மூன்று சொற்களை ஜெர்மனில் எப்படிப் போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். வங்கிக்கு அவை தேவையில்லை. ஆனாலும் விடாமல் மொழிபெயர்த்துக் கோப்பில் சேர்த்தேன். காரணம் என்று அவர் எழுதியது அதையும் சேர்த்துத்தான்.